டைக் வீதிப் பக்கத்துச் சலூன்: புதன்கிழமை போங்கள்

பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்துபோன கடை. திருகோணமலை டைக் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. வாசலில் மான் நிற்கும் கடை என்று அடையாளம் சொன்னால் ஊர்க்காரர் சிரிப்பார்கள். இங்கே எந்த வாசலில்தான் மான் இல்லை? இரண்டு கதிரை, ஒரு வாங்கு, ஒரே ஆள். தலைமயிர் வெட்ட 500 ரூபாய், சேவ் எடுக்க 300. மின்விசிறி சத்தம் போடும், காற்று வராது.

பத்து வருசமாக நான் அங்கேதான். ஆனால் அந்த அண்ணை எப்படிப்பட்ட தொழில்காரர் என்பது, போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த மச்சானைக் கூட்டிப்போனபோதுதான் விளங்கியது.

மச்சான் என் மனைவியின் தமையன். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது வெளிக்கிட்டவர். தொண்ணூறுகளில் டொராண்டோவில் ஏகே கண்ணன், விவிடி என்று இரண்டு தமிழ்க் குழுக்கள் மோதிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அவர் எதிலும் இல்லை என்று மனைவி சொல்லுவா. நான் கேட்டதில்லை. 1998இல் ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை வாசலில் வெட்டு விழுந்தது. வெட்டியவரும் எங்கள் ஊர்தான். இங்கே ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்துக்குச் செய்ததற்கு அங்கே, பனிக்குள் நின்று கணக்குத் தீர்த்தார்களாம்.

இடக்காதுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை நாலு விரல் நீளத் தழும்பு. அண்ணை பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் இரைந்ததும் மச்சானின் கை கதிரைப்பிடியை இறுக்கியதைக் கண்ணாடியில் கண்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கத்தரிக்கோலும் சீப்புமாக முழுத்தலையையும் வெட்டினார். முக்கால் மணித்தியாலம். தழும்புக்கு மேலே மயிரைக் கொஞ்சம் கூட விட்டு, அது மறைகிற மாதிரி இறக்கினார். பிறகு புது பிளேட் ஒன்றைக் கடதாசியோடு காட்டி, உரித்து, இரண்டாக ஒடித்து, மச்சானின் கண்முன்னாலேயே கத்தியில் மாட்டினார். வெட்டு விழுந்த நாளிலிருந்து மச்சான் தன் கழுத்தில் வேறொருவர் கத்தி வைக்க விட்டதில்லை. அன்று நாடியை உயர்த்திக் கொடுத்தார்.

காசு வாங்கும்போது அண்ணை சொன்னது: “அடுத்தமுறை புதன் வாங்கோ. சனி வேண்டாம்.”

காரணம் வீட்டுக்கு வந்தபிறகுதான் பிடிபட்டது. 2001இல் டொராண்டோ பொலிஸ் குழுக்காரரைக் கூட்டமாகப் பிடித்ததல்லவா? பிறகு சிலரை நாடுகடத்தினார்கள். வெட்டியவர் இப்போது இங்கே, தகப்பனோடு. சனிக்கிழமைகளில் கிழவரைக் கைபிடித்து அந்தச் சலூனுக்குக் கூட்டிவருவார். இப்படி எத்தனை பேரை அண்ணை நேரம் பிரித்து வைத்திருக்கிறாரோ! 1987இலிருந்து முகம் பார்க்காத இரண்டு கிழவர்கள் எனக்கே தெரியும். ஒருவருக்குக் காலை, மற்றவருக்குப் பின்னேரம்.

அன்று பின்னேரம் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் நடந்தோம். 2006 ஜனவரி 2ஆம் திகதி 5 மாணவர்களைச் சுட்டது அங்கேதான். குற்றம்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019இல் நீதிமன்றம் விட்டுவிட்டது என்று சொன்னேன். மச்சான் கடலைச் சரையை மடித்துப் பையில் வைத்தார். “இந்தப் பிள்ளைகளைச் சுட்டது ஆரெண்டு கோர்ட்டுக்கே தெரியாது. என்னை வெட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியும்,” என்றார்.

சரி, கடைக்கு வருவோம். துவாய் எப்போதும் தோய்த்தது. படிகாரம் போடுவார், எரியும். பவுடர் வாசம் கொஞ்சம் கூடுதல். அரசியல் கதைக்க விடமாட்டார், வானொலியில் செய்தி தொடங்கினால் நிறுத்திவிடுவார்.

மச்சான் மூன்று புதன் போனார். மூன்றாவது புதன், எழும்பித் தோளைத் தட்டிக்கொண்டே, “சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீங்கள்?” என்று கேட்டார். அண்ணை துவாயை இரண்டுதரம் உதறினார். “இந்தச் சனி பூட்டு.”

நான் அதைச் சும்மா பேச்சென்று நினைத்து, சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையிலேயே பூட்டு. வாசலில் மான் மட்டும். திங்கள் பள்ளிக்கூடம் என்பதால் சந்தைப் பக்கம் வேறொரு கடையில் வெட்டுவித்தோம். பிள்ளையின் காதுக்குப் பின்னால் இன்னும் படிபடியாக நிற்கிறது.