நேட்டாலா, இலங்கை மலையகமா: குடும்பத்துக்கு இடம் தந்த கரை எது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி ஊரைவிட்டுக் கிளம்பிய தமிழர்களுக்கு மொரிஷியஸ், மலாயா எனப் பல வழிகள் திறந்திருந்தன. ஆயினும் குடும்பம் என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், நேரெதிராக நிற்பவை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலும் இலங்கை மலையகமுமே. முன்னதில் ஆளைக் கட்டிவைத்தது ஒப்பந்தம், பின்னதில் கடன்.

சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அனுமதிச் சீட்டின்றித் தோட்ட எல்லையைத் தாண்டுவது குற்றம். கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டியிருந்தவை பெரும்பாலும் ஆண்களின் கைகளே. 100 ஆண்களுக்கு 40 பெண்களை அனுப்ப வேண்டும் என்ற விதியே பலருக்குக் குடும்ப வாழ்வு வாய்க்காது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இலங்கையில் நிலைமை வேறு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்ததால், கணவன், மனைவி, பிள்ளைகள், சில வேளைகளில் மாமனும் மச்சானும்கூட ஒரே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். காப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பியோரே மிகுதி. 1869-இல் தென்பட்ட இலைநோய் காப்பியை அழித்து, அதனிடத்தில் தேயிலை பரவியபோது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்களும் சிறுவர்களும் தேவைப்பட்டதால், குடும்பமாகத் தங்குவதைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரைமாரே விரும்பினர். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் என்ற காப்பகம் அமைந்ததும் தாயின் கைகளை மலைக்கு விடுவிக்கத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனவே போய்ச்சேர்ந்த முதல் சில ஆண்டுகளை மட்டும் பார்த்தால் மலையகமே மேல். ஆனால் ஐந்தாண்டு கழிந்தபின் தராசு சாய்கிறது. நேட்டாலில் ஒப்பந்தம் தீர்ந்தவர் டர்பனைச் சுற்றி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளமும் காய்கறியும் பயிரிட்டுச் சந்தையில் விற்க முடிந்தது. மலையகத்திலோ வழிச்செலவும் அரிசி முன்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவதாகத் தோட்டம் எழுதிக்கொடுத்த ‘துண்டு’ என்ற சீட்டைப் பெற்றவர், அக்கடனைச் செலுத்திய இன்னொரு தோட்டத்துக்கு அதே சுமையோடு மாறினார். துண்டு முறை 1921-இல் ஒழிந்தபோதும் குடியிருந்த லயக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறை, தோட்டத்தின் சொத்தாகவே இருந்ததால், வேலையை விட்டால் வீடும் போயிற்று.

நேட்டாலின் நம்பிக்கைக்கும் விலை வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் இருப்போர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் (60 ஷில்லிங்) வரி விதித்தது. 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் அது பின்னர் நீண்டதால், அத்தகைய நால்வர் குடும்பம் 12 பவுன் கட்ட வேண்டியதாயிற்று. ஐந்தாம் ஆண்டின் 14 ஷில்லிங் சம்பளத்தில் அது பதினேழு மாத உழைப்பு. கிறித்தவ முறையில் நடவாத திருமணங்கள் செல்லா என 1913-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பெண்களும் காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்தில் இறங்கினர். 1914-ஆம் ஆண்டுச் சட்டம் வரியை நீக்கியது. திருமணங்களை ஏற்கவும் வழி செய்தது.

இத்தனைக்குப் பிறகும், பேரப்பிள்ளையின் இடத்தில் நின்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நேட்டாலைத்தான் சொல்வேன். 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டர்பனில் பலருடைய நிலத்தைப் பறித்தது உண்மையே. எனினும் பறிப்பதற்கு அவர்களிடம் நிலம் இருந்தது. மலையகத்திலோ 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பல லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு அரசுகளும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலை எண்ணிப் பிரித்தபோது, கங்காணியோடு ஒன்றாகக் கடல் கடந்தவர்களின் வழிவந்த அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறினார். தம்பி லயத்திலேயே தங்கினார்.