நாலு வருஷ ஜிடிஏ ஆர்பி: சர்வருக்குள் வந்தாலும் கதைக்குள் வர முடிவதில்லை

ஜிடிஏ 5 விளையாட்டில் ஆளுக்கொரு கேரக்டராக நடித்து விளையாடுவதுதான் ஆர்பி (ரோல்பிளே). நாலு வருஷமாக ஒரு தமிழ் ஆர்பி சர்வரில்தான் விளையாடுகிறேன். சர்வர் திணறும் லேக், கார், மேப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அங்கே இருக்கும் குழுக்களைப் பற்றி.

ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். ஃபைவ்எம் என்ற மென்பொருள் இருந்தால் அதில் யாரும் சொந்தமாக சர்வர் நடத்தலாம். 2023இல் ஃபைவ்எம் குழுவை ஜிடிஏவைத் தயாரித்த ராக்ஸ்டாரே தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆனாலும் ஒரு சர்வருக்குள் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்வது அந்தந்த அட்மின்கள்தான். ஆர்பியில் எழுதி வைத்த கதை எதுவும் கிடையாது. எதிரே நிற்கும் ஆள் பேசினால்தான் கதை. அவர் பேசாவிட்டால் ஊரைச் சுற்றி வண்டி ஓட்டலாம், அவ்வளவுதான்.

சர்வரில் சேர அனுமதி தரும் வைட்லிஸ்ட் நேர்காணலில் விதிகளையெல்லாம் சரியாகச் சொல்லி உள்ளே போனேன். டாக்ஸி ஓட்டுகிற கேரக்டர். விளையாட்டு நகரத்தில் உள்ள லீஜன் ஸ்கொயரில் நின்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. இன்றைய பேங்க் கொள்ளை நேற்று ராத்திரியே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேசி முடிந்திருக்கும். கேங் தலைவரும் போலீஸ் அதிகாரியும் வெளியே நெருங்கிய நண்பர்கள். விளையாட்டுக்கு வெளியே தெரிந்ததை உள்ளே பயன்படுத்தினால் அது மெட்டாகேமிங். புதியவன் செய்தால் தடை, அவர்கள் செய்தால் 'தெரியாம நடந்துடுச்சு ப்ரோ'. ஒருமுறை டிக்கெட் போட்டேன், அதாவது அட்மின்களிடம் புகார் கொடுத்தேன். அதை விசாரித்தவரும் அதே கேங்கில் இருந்தவர்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கட்டிய சீனை, யாரோ புதிதாக வந்தவன் காரணமே இல்லாமல் சுட்டுக் கெடுத்துவிட்டுப் போவான். தோற்பதை அழகாக நடிக்கத் தெரிந்த ஆள்தான் ஆர்பிக்கு வேண்டும். அந்த நம்பிக்கை பழகினால்தான் வரும். பழகவே விடாவிட்டால் எப்படி வரும்?

நான் கதைக்குள் நுழைந்தது ஆம்புலன்ஸ் வேலை வழியாக. பில்பாக்ஸ் ஆஸ்பத்திரியில் ரத்தம் சிந்தக் கிடக்கிற கேங் தலைவர் என்னோடு பேசித்தான் ஆக வேண்டும். ஆறு மாதத்தில் ஊரில் பாதிப் பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் சேர்ந்தான். ரேடியோவில் அவன் பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரம் மைக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் டைப் செய்யத் தொடங்கினான். இந்த நாலு வருஷத்தில் என் மனதை மிகவும் வருத்தியது அதுதான். அவன் கேரக்டர் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் டாக்டர். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அப்புறம் ஷிஃப்டில் அவனை என்னோடு சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, ஒரு விபத்துக் களத்தில், 'அண்ணை, ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வாங்கோ' என்று அவன் குரல் ரேடியோவில் வந்தது.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் முதலில் மெக்கானிக், ஆம்புலன்ஸ் மாதிரி எல்லோரும் தேடி வருகிற வேலையை எடுங்கள். சேருவதற்கு முன், டிக்கெட்டை விசாரிப்பவர்கள் எந்த கேங்கிலும் இல்லாதவர்களா என்று கேளுங்கள். எங்கள் சர்வரில் போன வருஷம்தான் அப்படி மாற்றினார்கள். கொள்ளைக்கு ஆள் சேர்ப்பது மட்டும் இன்னும் டிஸ்கார்டில்தான்.