வர்தாவின் படங்கள் மொத்தமும் ஒரே பெட்டியில்

15 புளூரே தட்டுகள், 39 படங்கள், 200 பக்கத்துக்கு ஒரு புத்தகம். கிரைட்டீரியன் என்ற அமெரிக்கப் பட நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த, பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வர்தாவின் தொகுப்பைப் போன வருஷம் வாங்கினேன். சிங்கப்பூரில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பது என் தொழில். வர்தாவும் முதலில் போட்டோகிராபர்தான், பாரிஸில் ழான் விலாரின் நாடகக் குழுவுக்கு. அந்தக் கண் கடைசிவரை அவரை விட்டுப் போகவே இல்லை.

பாரிஸின் ரூ தாகேர் தெருவைப் பற்றிய படம் உள்ள தட்டைத்தான் அடிக்கடி போடுகிறேன். அவர் குடியிருந்த தெரு அது. 1970-களில் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கும் போக முடியாத நிலை. சரி என்று வீட்டிலிருந்தே மின்சார ஒயர் இழுத்து, அது எட்டுகிற கடைகளை மட்டும் படமெடுத்தார். ரொட்டிக் கடை, கறிக்கடை, தையற்கடை. அப்புறம் சென்ட் கடைக்கார அம்மாள். நினைவு மங்கிப்போனவர். பொழுது சாய்ந்தால் வெளியே கிளம்புகிறவர்போலக் கதவருகே வந்து நின்றுவிடுவார். கேமராவும் அவரோடு பேசாமல் நிற்கிறது.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். தஞ்சாவூரில் முப்பது வருஷம் மளிகைக் கடை பார்த்தவர். சென்ட் கடை அம்மாள் வரும் அந்த இடம் வந்ததும், "நீ சொல்லாதம்மா, எனக்கே புரியுது" என்றார்.

வயலில் விடுபட்டதைப் பொறுக்கி எடுப்பவர்களைப் பற்றி 2000-இல் வந்த படமும் இருக்கிறது. ஒரு கையில் சின்ன டிஜிட்டல் கேமரா. சுருக்கம் விழுந்த மறு கையை அதில் படம் பிடிக்கிறார். இதய வடிவ உருளைக்கிழங்குகள் அந்தப் படத்தில்தான் அவர் கையில் கிடைக்கின்றன. 2003-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அதையே பெரிதாக்கினார். திரைகளில் முளைவிட்ட கிழங்குகள், தரையெல்லாம் நிஜக் கிழங்கு, அவரே கிழங்கு வேஷத்தில். என் ஒரே ஏக்கம் இங்கேதான். நடந்து போய்ப் பார்க்க வேண்டியதை டிவிக்குள் கொண்டுவர முடியாது. 2019-இல் வந்த கடைசிப் படத்தில் இதையெல்லாம் அவரே விளக்குகிறார், அதை முதல் தட்டிலேயே வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

புளூரே தட்டுகளை உலகில் மண்டலம் மண்டலமாகப் பிரித்து விற்கிறார்கள்; வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. இந்தத் தட்டுகள் 'ஏ' மண்டலத்துக்கானவை. சிங்கப்பூரில் பிரச்சினை இல்லை. இந்தியாவில் விற்கும் பிளேயர்கள் வேறு மண்டலம். ஊருக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் எல்லா மண்டலத்துக்கும் ஓடும் பிளேயர் அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.