வேபேக் மெஷின் – தனி ஆளா சைட் நடத்துறவன் எழுதுற ரிவ்யூ

பதினோரு வருஷமா ஒரு சைட் நடத்திட்டு வர்றேன், பின்னாடி கம்பெனி கிடையாது ஆபீஸ் கிடையாது, நானே எழுதி நானே திருத்தி நானே ஏத்துறது. போன வருஷம் ஒருநாள் காலைல பார்த்தா சைட் திறக்கவே இல்ல. ஹோஸ்டிங் கொடுத்தவங்க, அதாவது சைட்டை அவங்க சர்வர்ல வெச்சிருந்தவங்க, பேர் வேண்டாம், டிஸ்க் போயிடுச்சு பேக்கப்பும் அதே இடத்துலதான் இருந்துச்சுன்னு ஒரு மெயில் போட்டதோட சரி. என்கிட்ட இருந்த காப்பி மூணு வருஷம் பழசு. அடுத்த ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா நான் கிடந்தது, வெப் பக்கங்களோட பழைய காப்பியைச் சேர்த்து வெச்சிருக்கிற வேபேக் மெஷின்லதான், அதனால இதைப் பத்தி எழுத எனக்கு விஷயம் நிறைய இருக்கு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இது இன்டர்நெட் ஆர்கைவ்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்போட சேவை, ப்ரூஸ்டர் கேல் 1996-ல சான் பிரான்சிஸ்கோல ஆரம்பிச்சது. அப்பவே வெப் பக்கங்களை காப்பி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, பொதுமக்கள் பார்க்குற மாதிரி திறந்துவிட்டது 2001 அக்டோபர்ல. 2025 அக்டோபர்ல ஒரு லட்சம் கோடி பக்கத்தைத் தொட்டுட்டாங்க. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது.

யூஸ் பண்றது சுலபம். முகவரியைப் போட்டா மேல வருஷ வாரியா ஒரு பட்டை வரும், கீழ காலண்டர், காப்பி எடுத்த தேதி மேல எல்லாம் கலர் வட்டம். நீலம்னா பக்கம் ஒழுங்கா கிடைச்சுருக்கு, பச்சைன்னா வேற முகவரிக்குத் திருப்பி விட்டிருக்கு, ஆரஞ்சுன்னா அவங்க போன நேரத்துல பக்கம் இல்ல, சிவப்புன்னா சர்வர் கோளாறு. இந்த கலர் கணக்கு முதல் வாரம் எனக்குப் புரியல, வட்டம் இருந்தாலே பக்கம் இருக்குன்னு நெனச்சு ஒவ்வொண்ணா அமுக்கி ஏமாந்தேன். இன்னொண்ணு, காப்பியோட முகவரில 14 இலக்கத்துல தேதியும் நேரமும் இருக்கும் இல்லையா, அதுக்கு அடுத்தாப்புல id_ (ஐ, டி, அப்புறம் ஒரு அடிக்கோடு) சேர்த்துட்டா அவங்க மேல ஒட்டுற பட்டையெல்லாம் இல்லாம அன்னைக்கு எடுத்த பக்கம் அப்படியே வரும். மீட்டெடுக்கறவங்களுக்கு இது ஒண்ணே பாதி வேலையை மிச்சம் பண்ணும், எனக்குப் பண்ணுச்சு.

எழுத்து பெரும்பாலும் திரும்பி வந்துடுச்சு. படங்கள் அப்படி இல்ல. ஒரு பக்கத்துல இருக்குற எழுத்தும் படமும் ஒரே நேரத்துல எடுத்ததா இருக்கணும்னு இல்ல, கட்டுரை 2016-ல எடுத்தது, உள்ள இருக்குற படம் 2019-ல எடுத்ததுன்னு கலந்து நிக்கும், நான் இடையில ஒரு படத்தை மாத்தியிருந்தேன்னா பழைய கட்டுரைக்குள்ள புதுப் படம் உட்கார்ந்திருக்கும். இதை ஆதாரமா காட்டுறவங்க கண்டிப்பா கவனிக்கணும், மேல இருக்குற பட்டையில காப்பியோட விவரத்தைத் திறந்தா எது எப்போ எடுத்ததுன்னு தெரியும். வீடியோ, ஜாவாஸ்கிரிப்ட்ல ஓடுற பக்கம் எல்லாம் அதிர்ஷ்டம் இருந்தா உண்டு. வேகம் கம்மி, பக்கத்துக்குள்ள இருக்குற ஒரு வரியைப் போட்டு தேடவும் முடியாது, முகவரி ஞாபகம் இல்லைன்னா திண்டாட்டம்தான்.

இவ்வளவு குறை சொல்லியும் நான் இதைத் தூக்கி வெச்சுப் பேசறதுக்கு காரணம் இருக்கு. நெட்ல போட்டா அழியாதுன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது, அது உண்மையே கிடையாது. பியூ ரிசர்ச்னு ஒரு அமெரிக்க ஆய்வு அமைப்பு 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2013-ல இருந்த பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல காணாம போச்சு. யாரு வேணாலும் சொந்தமா சைட் கட்டிக்கக் கூடிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல மூடினப்போ சாதாரண ஜனங்க கட்டின லட்சக்கணக்கான பக்கங்கள் போச்சு, பாட்டு ஏத்திப் பகிர்ற சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் 2019-ல பன்னெண்டு வருஷப் பாட்டெல்லாம் போச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. பெரிய கம்பெனிகிட்டயே கதி இதுன்னா தனி ஆளுங்க எழுதினதை யாரு எடுத்து வெப்பாங்க? செய்தி சைட்டுங்க தலைப்பை சத்தமில்லாம மாத்துறதும் நடக்குது, வேபேக் மெஷின்ல ரெண்டு தேதிக் காப்பியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு என்ன மாறுச்சுன்னு காட்டுற வசதி இருக்கு, அதை நான் வாராவாரம் யூஸ் பண்றேன். விக்கிபீடியால செத்துப்போன 90 லட்சம் லிங்க்குக்கு மேல 2018-க்குள்ளயே சரி பண்ணிக் கொடுத்திருக்காங்க, இதையெல்லாம் சேவைன்னு சொல்லாம வேற எப்படி சொல்றது.

பயமும் இருக்கு. 2024 அக்டோபர்ல இவங்க மேலயே தாக்குதல் நடந்து 3.1 கோடி பேரோட கணக்கு விவரம் கசிஞ்சுது, சில நாள் மொத்தமா நின்னுபோய் அப்புறம் படிக்க மட்டும் திறந்தாங்க. 2025 ஆகஸ்ட்ல ரெட்டிட்ங்கிற விவாத சைட்காரங்க, ஏஐ கம்பெனிங்க ஆர்கைவ் வழியா டேட்டாவை உருவுறாங்கன்னு சொல்லி பெரும்பாலான பக்கங்களை காப்பி எடுக்க விடாம தடுத்துட்டாங்க. கதவை இப்படி ஒவ்வொருத்தரா சாத்திக்கிட்டே போனா இன்னும் இருபது வருஷம் கழிச்சு இந்தக் காலத்தைப் பத்தி தேடுறவங்களுக்கு என்ன கிடைக்கும்னு எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

அதனால இதை உங்க பேக்கப்பா நம்பாதீங்க, பேக்கப் உங்க கையில தனியா ரெண்டு இடத்துல இருக்கணும். நான் இப்போ கட்டுரை போட்ட அன்னைக்கே அவங்க சைட்ல பக்கத்தை சேமிக்கிற இடத்துல முகவரியைக் கொடுத்துடறேன், கணக்கு திறந்து உள்ள போனீங்கன்னா அந்தப் பக்கத்துல இருக்குற லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம், அரை நிமிஷம் ஒரு நிமிஷம் ஆகும் அவ்வளவுதான். மாசம் ஒரு தடவை முழு சைட்டையும் வெளி டிஸ்க்ல இறக்கி வெச்சுக்கறேன். முடிஞ்சப்போ அவங்களுக்கு நன்கொடையும் அனுப்பறேன்.

மார்க் போடச் சொன்னா 5-க்கு 4. அந்த ஒரு மார்க் தேடல் வசதிக்காகவும் வேகத்துக்காகவும் குறைச்சது.

2017-ல எழுதின ஒரு நீளமான கட்டுரை மட்டும் இன்னும் கிடைக்கல, நாலு தேதில வட்டம் இருக்கு, நாலும் ஆரஞ்சு. யாராவது அப்போ சேவ் பண்ணி வெச்சிருந்தா அனுப்புங்க.