சிறு வாலையில் வடிக்க மல்லியா, வெட்டிவேரா?

மதுரையில் இருந்துகொண்டு ஒரு செம்பு வாலை (பூவையோ வேரையோ நீரில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து எண்ணெயும் மணநீரும் வடிக்கும் கலம்) வாங்கினால் மனம் முதலில் மல்லிக்குத்தான் போகும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும். முகூர்த்த நாளில் விலை கேட்டால்தான் தலை சுற்றும். ஆனால் வாலைக்கு ஒத்துவராத பூ இது. மொட்டு இரவில் விரியும்போது மணத்தைக் கொட்டும், விடிந்தபின் வாடிவிடும். கொதிநீரில் போட்டாலோ அந்த மென்மை போய், பூ வெந்த வாடைதான் மிஞ்சும். அதனால்தான் ஆலைகளில் ஹெக்சேன் கரைப்பானால் மணத்தைப் பிரிக்கிறார்கள். சட்டெனத் தீப்பற்றும் சரக்கு அது, வீட்டுப் பக்கமே வேண்டாம்.

வெட்டிவேர் நேர்மாறு. காய்ந்த வேர் மாதக்கணக்கில் கெடாது, முகூர்த்தமும் பார்க்காது. கழுவி, நறுக்கி, ஊறவைத்து, அப்புறம் வாலையில் ஏற்றலாம். எண்ணெயில் இருப்பவை கொதிநிலை அதிகமுள்ள கனமான பொருட்கள் என்பதால் மெதுவாகத்தான் இறங்கும். 12 மணி நேரத்துக்கு மேலும் அடுப்பு எரிய வேண்டிவரும். விறகுச் செலவுதான் கடிக்கும். 10 கிலோ வேருக்கு 100 கிராம் எண்ணெய் கிடைத்தாலே பெரிது. அதன் அடர்த்தியும் தண்ணீரை ஒட்டியே இருப்பதால் லேசில் பிரிந்து மிதக்காது. இருந்தாலும் என் ஓட்டு வெட்டிவேருக்கே. எண்ணெய் குறைந்தாலும் மணநீர் மிஞ்சும்.

மல்லி மணம்தான் வேண்டுமென்றால் வாலையை விடுங்கள். எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, பிறகு அந்த எள்ளைச் செக்கில் ஆட்டலாம்.