சென்னை – மதுரை: விமானமா, ஆம்னி பஸ்ஸா?

டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். அது விமானம் எடுத்துக்கொள்கிற நேரம் மட்டும்தான். அண்ணாநகரில் வீடு என்றால் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறி மீனம்பாக்கம் விமான நிலையம் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல், பை போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள் என்பதால் அதற்கும் முன்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும், இறங்கிய பிறகு பைக்காகக் காத்திருந்து மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலிருந்து ஊருக்குள் வர இன்னொரு அரை மணி நேரம். கூட்டினால் நாலரை மணி நேரம் ஆகிவிடும்.

தூரத்திலும் விமானத்துக்குப் பெரிய லாபம் இல்லை. வான்வழி சுமார் 420 கிலோமீட்டர், சாலை வழி சுமார் 460. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மேலூர் என்று ரோடே கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகிறது, நேராகக் கோடு போட்டாலும் அதுவும் திருச்சி மேலேயேதான் போகும். இந்த வழியில் ஓடும் ஏடிஆர், அதாவது புரொப்பல்லர் வைத்த சின்ன விமானம், ஜெட் வேகத்தில் போகாது. பின்கதவு வழியாக ஏற வேண்டும், தலைக்கு மேலே பை வைக்கிற இடம் சின்னது, சக்கரம் வைத்த பெட்டியைத் திணித்துப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் காலடியில் வைத்துக்கொள்வார்கள். புரொப்பல்லர் பக்கத்து சீட்டில் பேசவே முடியாது. ஆனால் இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரையை மறைக்காது, பகலில் போகிறவர்களுக்கு அது ஒரு நல்ல விஷயம்.

ஆம்னி பஸ்ஸில் எட்டு, எட்டரை மணி நேரம். இரவு பத்துக்கு ஏறினால் விடியற்காலை மதுரை மாட்டுத்தாவணி, பகல் பொழுது ஒன்றும் போகாது, லாட்ஜ் செலவும் மிச்சம். எனக்கு இதுதான் பிடிக்கும், இத்தனைக்கும் போன தடவை ஒரு ஸ்லீப்பரில் மேல் பர்த் ஏசி துவாரத்தின் மூடி உடைந்து, முன்னால் படுத்தவர் யாரோ தினசரித் தாளைச் சுருட்டி அடைத்திருந்தார், உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அதுவும் கழன்று விழுந்துவிட்டது. விடிய விடிய நெற்றியில் குளிர்காற்று. நடத்துநரிடம் சொன்னால் இன்னொரு போர்வையை நீட்டினார், சரி என்று வாங்கிக்கொண்டேன். நடுவில் நிறுத்துகிற மோட்டலில் தண்ணீர் பாட்டில் தவிர எதையும் வாங்காதீர்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 கடைசியில் ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு பஸ் பிடிப்பதே தனிப் பயணமாகிவிட்டது. பெரம்பூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் பெட்டியோடு அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு விமானம் பக்கம் கணக்குச் சாய்வது நியாயம்தான். தாம்பரம், வண்டலூர் ஆட்கள் யோசிக்கவே வேண்டாம், பஸ்தான். சொந்தக் காரில் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் பரனூர் டோல்கேட்டிலேயே பாதிப் பொறுமை போய்விடும். சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை.

ரயிலை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், தேஜஸ் ஆறரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, டிக்கெட் கிடைத்தால் அதில் போங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் மட்டும் கிடைக்காது, பஸ்காரர்களும் அப்போது கேட்கிற தொகைக்கு சாதாரண வாரத்தில் விமானத்திலேயே போய்விடலாம்.