ஒன்றரை நூல் சாவி இல்லாத செட்டப் கிட்

திருநெல்வேலி பக்கம் கோயில் கொடைகளுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவன் நான். இருபது வருஷம் ஆகப்போகிறது. என்னிடம் இருப்பது மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். சவூதியில் இருந்த மச்சான் ஊர் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பங்குனி தொடங்கி ஆடி முடிகிறவரை பாதி நாள் அது வேனுக்குள்தான் கிடக்கும். பகலெல்லாம் வெயிலில் வேகிற வேன், ராத்திரியானால் ஆற்றங்கரை ஈரக்காற்றில் மேடை. எந்த மரம் சும்மா இருக்கும்?

இந்தச் சித்திரையில் நெக், அதாவது கிடாரின் கழுத்து, நன்றாகவே வளைந்துவிட்டது. ஏழாவது, எட்டாவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பக்கம் தடித்த ஈ (E) கம்பி துணி காயப்போடுகிற கொடி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. நாலு பாட்டு வாசித்தால் சுண்டுவிரல் விட்டுப்போகும். நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று தெரியும். ஆனாலும் கை வைக்கப் பயம். எங்கள் குழு நண்பன் ஒருவன் இதே வேலைக்குத் தன் பேஸை ஒரு கடையில் கொடுத்தான். அங்கிருந்த பையன் பொருந்தாத சாவியைச் செருகி ஒரே திருகாகத் திருகியதில் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிப்போனது. கடைசியில் நெக்கையே மாற்றவேண்டி வந்தது. அதனால்தான் நாமே பார்த்துக்கொள்வோம் என்று கிடாரை அளந்து சரிசெய்கிற இந்த செட்டப் கிட்டை ஆன்லைனில் 1,240 ரூபாய்க்கு வாங்கினேன்.

பெட்டியில் இருந்தவை: ஆலன் கீ ஏழு, 32 தகடு உள்ள ஃபீலர் கேஜ் ஒன்று, கம்பி உயரம் பார்க்கிற உலோக ஸ்கேல் ஒன்று, விரல் பதிக்கிற பலகையான ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு (ரேடியஸ்) பார்க்கிற தகடுகள் ஒன்பது, எல்லாம் வைக்க ஒரு துணிப்பை.

காசுக்குப் பெறுமானம் ஃபீலர் கேஜ்தான். புல்லட்டுக்கு டாப்பெட் வைக்கிற மெக்கானிக் கையில் இருக்குமே, அதே சமாச்சாரம். 0.04 மில்லிமீட்டரில் தொடங்கி 0.88 வரை போகிறது. முதல் ஃபிரெட்டில் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டி, வலது கையால் ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொள்ள வேண்டும். இப்போது கம்பியே நேர்கோல். எட்டாவது ஃபிரெட் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் எந்தத் தகடு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைகிறதோ, அதுதான் நெக்கின் வளைவு. என் பேஸ் மாதிரி 9.5 அங்குல ரேடியஸ் உள்ளவற்றுக்கு ஃபெண்டர் சொல்கிற கணக்கு 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர். எனக்கு 0.6 தகடும் தாராளமாக நுழைந்தது.

ஒரு எச்சரிக்கை. தகடுகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள். நான் துடைக்காமலே அளந்தேன். ஃபிங்கர்போர்டில் கறை விழுந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். 0.30 தகட்டின் முதுகில் 0.05 தகடு எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. மறுநாள் டியூப்லைட் வெளிச்சத்தில் விளிம்பைப் பார்த்தபோதுதான் ரெண்டு கோடு தெரிந்தது. முதலில் ஒவ்வொரு தகடாகத் துடைத்துவிடுங்கள்.

இனி ஆலன் கீ. இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஏழும் மில்லிமீட்டர் அளவு. மெக்ஸிகோ ஃபெண்டருக்கு வேண்டியது 3/16 அங்குலம், கடைப் பேச்சில் ஒன்றரை நூல், கணக்குப் போட்டால் 4.76 மில்லிமீட்டர். கிட்டில் உள்ள 5 நுழையாது. 4.5 நுழைகிறது, ஆனால் உள்ளே ஆடுகிறது. ஆடுகிற சாவிதான் நண்பனின் நெக்குக்கு எமனாக வந்தது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை: அதில் பலவற்றுக்கு 1/8 அங்குலம், 3.175 மில்லிமீட்டர். கிட்டின் 3 அதற்குள் லொடலொட என்று ஆடத்தான் செய்யும். விற்பனைப் பக்கத்தில் எல்லா கிடாருக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கிறார்கள். புகார் செய்தேன். மன்னிப்புக் கேட்டு இன்னொரு 5 மில்லிமீட்டர் சாவி அனுப்பிவைத்தார்கள்!

ஜங்ஷன் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒன்றரை நூல் ஆலன் கீ இருக்கா?"

"என்னத்துக்கு வே?"

"கிடாருக்கு."

"கிடாருக்குள்ள போல்ட்டு போட்டிருக்கானா?"

போட்டிருக்கிறான் அண்ணாச்சி. நாலு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுக்கிறது. அந்த இழுப்பில் நெக் முன்பக்கம் வளையும். உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பி அதை எதிர்ப்பக்கம் தள்ளிப்பிடிக்கும். சாவி நாற்பது ரூபாய். செருகியதும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

திருகினது இப்படி. நாலு கம்பியையும் கொஞ்சம் தளர்த்தினேன். சாவியை அடிவரை செருகி, தலைப்பக்கம் இருந்து பார்த்து, கடிகாரம் சுற்றுகிற திசையில் எட்டில் ஒரு சுற்று. வலப்பக்கம் திருகினால் நெக் நிமிரும், இடப்பக்கம் திருகினால் இன்னும் வளையும். மறுபடி சுருதி சேர்த்து அளந்தால் 0.5. இன்னொரு எட்டில் ஒன்று. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். மரம் ராத்திரியும் கொஞ்சம் நகரும். காலையில் பார்த்தால் 0.4க்குக் கீழே வந்திருந்தது. கடைசியாக ஒரு சின்னத் திருகு, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் 'கிரீச்' என்று சத்தம் வந்ததும் உயிர் போய்விட்டது. இடப்பக்கம் கொஞ்சம் தளர்த்தி மறுபடி திருகினேன், சத்தமில்லாமல் வந்தது. சாதாரண பலத்துக்கு அசையவில்லை என்றால் அதற்குமேல் மல்லுக்கட்டக் கூடாது. உள்ளே ராட் அறுந்தால் எந்த கிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அளவைத் தாண்டி நிமிர்த்தினாலும் தொல்லைதான். முதல் நாலைந்து ஃபிரெட்டில் கம்பி இரையும். இன்னொரு தப்பு எங்கள் ஆட்கள் பலர் செய்வது: கம்பி உயரத்தைக் குறைக்க ட்ரஸ் ராடைத் திருகுவது. உயரத்துக்கு பிரிட்ஜில் ஸாடில் (கம்பி உட்காருகிற சின்னத் தாங்கி) இருக்கிறது. நெக்கை முதலில் சரிசெய்துவிட்டு அங்கே போகவேண்டும். கிட்டில் உள்ள ஸ்கேல் அதற்குத்தான். பதினேழாவது ஃபிரெட்டில் நிறுத்தி, ஈ பக்கம் 2.4, ஜி (G) பக்கம் 2 மில்லிமீட்டர் வைத்தேன். ஸ்கேலில் எழுத்துகள் பளிச்சென்று இருக்கின்றன, சுழியம் விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. ரேடியஸ் தகடுகளை ஒருமுறை வைத்துப் பார்த்ததோடு சரி. துணிப்பையின் ஜிப் இரண்டாம் நாளே வாயைப் பிளந்துவிட்டது.

பழைய மாடல் ஃபெண்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பலவற்றில் நட்டு தலைப்பக்கம் இருக்காது, உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும். நெக்கைக் கழற்றித்தான் திருகவேண்டும். அதற்கு வேண்டிய ஸ்க்ரூடிரைவரும் இந்தப் பெட்டியில் இல்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு ஃபீலர் கேஜுக்கு. ஃபீலர் கேஜும் ஸ்கேலும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு, சாவிக்கு உங்கள் கிடாரின் அளவைப் பார்த்து ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். வந்த ரெண்டு 5 மில்லிமீட்டர் சாவியில் ஒன்று இப்போது எங்கள் டிரம்மரிடம் இருக்கிறது. ஸ்டூல் கால் ஆடுகிறதாம்.